‘வேலையில் நடந்தது’ என்று சொல்லுங்கள்: ஒன்ராறியோப் பண்ணைகளில் புதிதாக வேலைக்குச் சேர்வோருக்கு ஒரு வழிகாட்டி

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துப் பண்ணைத் தொழிலாளர் என்றதும் மெக்சிக்கோவும் ஜமைக்காவும்தான் பலருக்கு நினைவில் வரும், அது நியாயமே. 1966ஆம் ஆண்டு 264 ஜமைக்கத் தொழிலாளர்களோடு தொடங்கிய பருவகால விவசாயத் தொழிலாளர் திட்டம்தான் இன்றும் லெமிங்டன், கிங்ஸ்வில் பக்கத்துக் கிறீன்ஹவுஸ்களையும் நயாகராவின் பழத்தோட்டங்களையும் நோர்போக்கின் காணிகளையும் தாங்கி நிற்கிறது. தமிழர்களான நம்மவர்கள் அந்தத் திட்டத்தில் வருவதில்லை. அகதிக் கோரிக்கை கொடுத்துவிட்டு வேலை அனுமதி பெற்றவர்கள், படிக்க வந்து கட்டணம் கட்ட வழியில்லாமல் நிற்பவர்கள், அனுமதிக் காலம் முடிந்தும் திரும்ப முடியாதவர்கள் என்று வெவ்வேறு வழிகளில் வந்தவர்கள், இருட்டோடு எழுந்து, சாப்பாட்டுப் பெட்டியோடு, வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியின் வான் வண்டியில் ஏறி, காளான் பண்ணைக்கும் பூச்செடி நாற்றுமேடைக்கும் போகிறார்கள். வந்த வழி வேறாக இருந்தாலும், ஏணியிலிருந்து விழுந்தால் உடைவது அதே எலும்புதான். அதற்குக் கைகொடுக்கும் சட்டமும் பெரும்பாலும் ஒன்றுதான்.

மருத்துவமனைகளிலும் சட்ட உதவி நிலையங்களிலும் பல ஆண்டுகளாக மொழிபெயர்த்து வருகிறேன். அந்த அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: காயப்பட்ட தொழிலாளிக்கு உரிமை இல்லாமல் போவது குறைவு, காயம் வேலையில் நடந்தது என்பது உரிய நாளில், உரிய தாளில் ஏறாமல் போவதே அதிகம். இந்தக் கட்டுரையில் வரும் ஒவ்வொரு படியும் அந்த ஒன்றை மனதில் வைத்தே எழுதப்பட்டது.

எந்தச் சட்டம் உங்களைச் சேர்க்கிறது

வேலை நேர வரம்பு, மேலதிக நேரச் சம்பளம் போன்ற பல பாதுகாப்புகளை ஒன்ராறியோச் சட்டம் பண்ணைத் தொழிலாளர்களுக்குக் கொடுப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களில் இதை அறிந்துகொள்ளும் பலர், அப்படியானால் காயத்துக்கும் நமக்கு எதுவும் கிடையாது என்று தாங்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு. இரண்டு சட்டங்கள் பண்ணையையும் சேர்த்துக்கொள்கின்றன.

முதலாவது, 1997ஆம் ஆண்டின் வேலைத்தளப் பாதுகாப்பு மற்றும் காப்புறுதிச் சட்டம். இதன்கீழ் இயங்கும் சபையைத்தான் எல்லோரும் டபிள்யூஎஸ்ஐபி என்கிறோம். வேலையில் காயப்பட்டால், தவறு யாருடையது என்று பார்க்காமல், மருத்துவச் செலவையும் இழந்த சம்பளத்தின் பெரும்பகுதியையும் இந்தச் சபை கொடுக்கிறது. அந்தப் பணத்தை முதலாளிமார் கட்டும் சந்தாவிலிருந்து எடுக்கிறார்கள். உங்கள் சம்பளத்தில் அதற்காக ஒரு சதமும் வெட்டக்கூடாது. இங்கே கவனமாக வாசிக்க வேண்டிய விஷயம், இந்தச் சபை உங்கள் குடிவரவு நிலையைப் பார்த்துக் கொடுப்பதில்லை என்பது. நீங்கள் தொழிலாளியா, காயம் வேலையில் நடந்ததா என்பவையே அதன் கேள்விகள். சம்பளத்தைக் கையில் காசாக வாங்கினாலும், அனுமதி முடிந்திருந்தாலும், ‘நீ சொந்தமாகத் தொழில் செய்பவன்’ என்று ஏஜென்சி ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தாலும் கதை அத்தோடு முடிந்துவிடாது. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, யார் உங்களை எப்போது, எப்படி வேலை வாங்கினார்கள் என்ற உண்மை நிலையையே சபை ஆராயும்.

இரண்டாவது, தொழில்சார் சுகாதார மற்றும் பாதுகாப்புச் சட்டம். இது பண்ணைகளுக்கு 2006ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் திகதி முதல்தான் பொருந்தத் தொடங்கியது. அதற்கு முன்னர் பல தலைமுறைத் தொழிலாளர்கள் இந்தப் பாதுகாப்பு இல்லாமலே உழைத்துப் போனார்கள் என்பதை நினைத்தால், இன்று அதைப் பயன்படுத்தத் தயங்குவதில் எனக்கு மனவருத்தம் உண்டு. ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை, ஆபத்துகளை அறிந்துகொள்ளும் உரிமை, பாதுகாப்பு ஏற்பாடுகளில் பங்குகொள்ளும் உரிமை ஆகிய மூன்றும் இந்தச் சட்டத்தில்தான் இருக்கின்றன.

முதல் படி: அடிபடும் முன்பே சேர்த்து வைக்க வேண்டியவை

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, பண்ணையின் முழுப் பெயர், வாசல் பலகையில் உள்ள முகவரி, ஏஜென்சியின் பெயர், மேற்பார்வையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஆகியவற்றைக் கைத்தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். தினமும் வானில் தூங்கிக்கொண்டே போய்த் தூங்கிக்கொண்டே திரும்புபவர்களில் பலருக்குத் தாம் வேலை செய்யும் இடத்தின் பெயர் தெரியாது. ‘ஹைவே 400இல் ஒரு மணித்தியாலம் போய், ஒரு தண்ணீர்த் தாங்கி தெரியும் இடத்தில் திரும்புவோம்’ என்று ஒரு அக்கா என்னிடம் சொன்னார். அவருடைய கையில் பதினொரு தையல். அந்தத் தண்ணீர்த் தாங்கியைத் தேடிக் கண்டுபிடிக்க எங்களுக்கு நான்கு நாள் ஆயிற்று. அதே நான்கு நாளில் கோரிக்கையை எழுதி முடித்திருக்கலாம்.

சம்பளச் சிட்டை தந்தால் ஒன்றையும் எறியாதீர்கள். காசாகத் தந்தால், எந்த நாள், எத்தனை மணித்தியாலம், எவ்வளவு காசு என்று ஒரு கொப்பியில் அன்றன்றே எழுதுங்கள். பின்னர் உங்கள் வாராந்தச் சம்பளத்தைக் கணக்கிட அந்தக் கொப்பியே ஆதாரமாகும். ஏஜென்சி வழியாகப் போவோருக்கு இன்னொரு குறிப்பு: 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் ஒன்ராறியோவில் தற்காலிக வேலை ஏஜென்சிகள் உரிமம் பெற்றே இயங்க வேண்டும், உங்கள் ஏஜென்சிக்கு உரிமம் உண்டா என்று மாகாணத் தொழில் அமைச்சின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். சபையைப் பொறுத்தவரை உங்கள் முதலாளி பொதுவாக ஏஜென்சியே. ஆனாலும் உங்களைப் பத்திரமாக வேலை செய்ய வைக்கும் பொறுப்பு பண்ணைக்கும் உண்டு. ‘அவரிடம் கேள்’, ‘இவரிடம் கேள்’ என்று இருவரும் கைகாட்டினால், இருவரிடமும் எழுத்தில் கேளுங்கள்.

கடவுச்சீட்டையோ மருத்துவ அட்டையையோ ‘பத்திரமாக வைத்திருக்கிறோம்’ என்று யாரும் வாங்கி வைக்க விடாதீர்கள். வெளிநாட்டுத் தொழிலாளரின் கடவுச்சீட்டு போன்ற உடைமைகளை முதலாளியோ ஆட்சேர்ப்பு முகவரோ பிடித்து வைப்பதையும், வேலை எடுத்துத் தந்ததற்குக் கட்டணம் வாங்குவதையும் 2009ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது.

மருத்துவக் காப்பு யாருக்கு எது

ஓஹிப் என்பது மாகாணத்தின் பொது மருத்துவக் காப்புறுதி. 2020ஆம் ஆண்டு வரை புதிதாக வந்தவர்கள் மூன்று மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது அந்தக் காத்திருப்பு இல்லை. பண்ணை முதலாளியின் பெயர் குறிப்பிட்ட வேலை அனுமதியோடு வந்து, ஆறு மாதமோ அதற்கு மேலோ முழுநேர வேலை இருப்பவர், அனுமதித் தாள், முதலாளியின் கடிதம், வதிவிட ஆதாரம், அடையாள ஆவணம் ஆகியவற்றோடு மாகாண அரசின் சேர்விஸ் ஒன்ராறியோ அலுவலகத்துக்குப் போய் அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அட்டை கிடைக்கும் வரையான காலத்துக்கு அவசர மருத்துவத்தைத் தாங்கும் தனியார் காப்புறுதியை முதலாளியே தன் செலவில் எடுத்துத் தர வேண்டும் என்று 2022 செப்டம்பர் 26 முதல் மத்திய அரசின் விதி சொல்கிறது. நோயோ காயமோ வந்தால் மருத்துவரிடம் போக வழி செய்து கொடுப்பதும் அதே விதியின்கீழ் முதலாளியின் கடமைதான். பருவகாலத் திட்டத்தில் வருவோருக்கு ஏற்பாடு சற்று வேறு. அவர்களுக்கு ஓஹிப் வந்த நாளிலிருந்தே உண்டு.

அகதிக் கோரிக்கையாளருக்கு மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் உண்டு. கோரிக்கையாளர் ஆவணத்தை எப்போதும் கையில் வைத்திருங்கள். மாணவர்கள் தங்கள் கல்லூரிக் காப்புறுதி அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள். கட்டணத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டு அப்படியொன்று இருப்பதையே மறந்தவர்களை நான் அடிக்கடி காண்கிறேன். எந்தக் காப்புமே இல்லாதவர்கள் சமூக சுகாதார நிலையங்களுக்குப் போகலாம். ரொறன்ரோவிலும் நயாகராவிலும் வின்சர் பக்கத்திலும் ஓஹிப் இல்லாதவர்களைப் பார்க்கும் நிலையங்கள் உள்ளன. காப்பில்லாதவர்களின் மருத்துவமனைச் செலவைப் பெருந்தொற்றுக் காலத்தில் மாகாணம் ஏற்றுக்கொண்டிருந்தது. அந்த ஏற்பாடு 2023 மார்ச் 31ஆம் திகதியோடு நிறுத்தப்பட்டதால், ‘போன முறை காசு கேட்கவில்லையே’ என்ற பழைய அனுபவத்தை நம்பிப் போகாதீர்கள். உயிராபத்து என்றால் மட்டும் யோசிக்கவே வேண்டாம்: எந்த மருத்துவமனையும் அந்த நிலையில் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

இதெல்லாம் பொதுவான நோய்க்கு. வேலையில் வந்த காயம் என்றால், ஓஹிப் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கோரிக்கை ஏற்கப்பட்டதும் அதற்கான மருத்துவச் செலவு டபிள்யூஎஸ்ஐபியைச் சேரும். அட்டை இல்லாதவர்களுக்குத்தான் இது மிகவும் தேவைப்படுகிறது. ஆனால் அட்டை இல்லாதவர்களே பயந்து மறைக்கிறார்கள்.

இரண்டாம் படி: அடிபட்ட அன்றே

உயிருக்கு ஆபத்து என்றால் 911. பண்ணையில் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. அந்த முகவரியைப் பதிந்து வைக்கச் சொன்னது இதற்கும்தான். காயப்பட்ட அன்று மருத்துவமனைக்கோ மருத்துவரிடமோ கொண்டுபோகும் செலவு முதலாளியுடையது. அன்றைய நாளின் முழுச் சம்பளமும் உங்களுக்குச் சேர வேண்டும்.

சிறு காயம் என்றாலும் மேற்பார்வையாளரிடம் உடனே சொல்லுங்கள். வாயால் சொன்ன பிறகு அதையே குறுஞ்செய்தியாகவும் அனுப்புங்கள். ‘இன்று காலை பத்து மணிக்கு மூன்றாம் அறையில் வண்டியிலிருந்து விழுந்தேன், வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது’ என்று நாள், நேரம், இடம், உடலின் பகுதி ஆகிய நான்கும் இருந்தால் போதும். தமிழில் அனுப்பினாலும் செய்திதான். முதலுதவிப் பெட்டி இருக்கும் இடத்தில் ஒரு பதிவேடு இருக்க வேண்டும். அதில் உங்கள் பெயரை எழுதச் சொல்லி, அந்தப் பக்கத்தைப் படம் எடுங்கள். விழுந்த இடத்தையும், உடைந்த ஏணிப் படியையும், ஈரத் தரையையும் அன்றே படம் எடுக்க வேண்டும். மறுநாள் போனால் தரை கழுவியிருக்கும், ஏணி மாறியிருக்கும்.

இனி மருத்துவமனை. ஒரு அனுபவத்தைச் சொல்கிறேன். காளான் பறிக்கும் அறைகளில் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரைவரை அடுக்கியிருக்கும். மேல் தட்டுகளில் பறிக்க, தட்டோடு உருளும் ஒரு வண்டியில் நின்றபடி உயர வேண்டும். அந்த வண்டியிலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்த ஒருவருக்கு மொழிபெயர்க்க என்னை அழைத்தார்கள். நான் போவதற்கு முன்னரே, வரவேற்பு மேசைத் தாதி கேட்ட முதல் கேள்விக்கு அவர் பதில் சொல்லி முடித்திருந்தார். வரும் வழியில் வான் ஓட்டியவர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்: “அண்ணை, வீட்டுப் படியில விழுந்தது எண்டு சொல்லுங்கோ. இல்லாட்டி பிறகு வேலை இல்லை.” அவரும் அப்படியே சொல்லிவிட்டார். தாதி அதை ஒரு வரியாகக் கணினியில் பதிந்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து, கை மடக்க முடியாமல், வேலையும் இல்லாமல், அவர் கோரிக்கை போட வந்தபோது அந்த ஒரு வரி ஒவ்வொரு இடத்திலும் எழுந்து நின்றது. கடைசியில் அவரைக் காப்பாற்றியது, விழுந்த அன்று மத்தியானம் அவர் மனைவிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவு. ‘பாமில விழுந்திட்டன், கை தூக்கேலாமல் கிடக்கு, நீ பயப்பிடாதை’ என்று அதில் இருந்தது. பின்னால் குளிரூட்டியின் இரைச்சலும் கேட்டது.

ஆகவே ஆங்கிலமே தெரியாவிட்டாலும் ஒரு வசனத்தை மட்டும் பாடமாக்கிக்கொள்ளுங்கள்: ‘இற் ஹப்பென்ட் அற் வேர்க்’. வேலையில் நடந்தது என்று பொருள். தாதியிடமும் மருத்துவரிடமும் எக்ஸ்ரே எடுப்பவரிடமும் இதையே சொல்லுங்கள். மருத்துவர் அதைக் கேட்டதும் எட்டாம் இலக்கப் படிவம் என்ற அறிக்கையை நிரப்பி டபிள்யூஎஸ்ஐபிக்கு அனுப்புவார். அதை நிரப்புவதற்குச் சபையே அவருக்குப் பணம் கொடுக்கிறது, உங்களிடம் கேட்க வேண்டியதில்லை. முதலில் எந்த மருத்துவரிடம் போவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமையும் உங்களுடையது. மேற்பார்வையாளர் கூடவே அறைக்குள் வந்து உங்களுக்காகப் பேசத் தொடங்கினால், ‘இவர் வெளியே இருக்கட்டும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்’ என்று கேளுங்கள். உங்கள் உடல்நிலை பற்றிய தகவல் உங்களுக்கும் மருத்துவருக்கும் இடையிலானது.

நோவைச் சொல்வதிலும் கவனம் வேண்டும். நமக்குக் குத்து, உளைவு, கடுப்பு, எரிவு, விறைப்பு, இழுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் உண்டு; மொழிபெயர்ப்பில் அத்தனையும் ஒரே நோவாகிவிடுகிறது. நாரியில் உளைவது வேறு, நாரியிலிருந்து கால்வரை மின்னல்போல் இழுப்பது வேறு, கால் விறைத்து உணர்ச்சி குறைவது இன்னும் வேறு. கடைசி இரண்டும் நரம்பு அழுத்தப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம் என்பதால் மருத்துவர் வேறுவிதமாகப் பார்ப்பார். எந்த இடம், எங்கே ஓடுகிறது, எப்போது கூடுகிறது, எதைச் செய்ய முடியவில்லை என்று விரித்துச் சொல்லுங்கள். ‘பரவாயில்லை, சமாளிக்கலாம்’ என்ற நம் வழக்கமான மரியாதைப் பேச்சை அந்த அறையில் மட்டும் விட்டுவிடுங்கள், அதுவும் பதிவாகிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத காயங்கள்

விழுந்தால் எல்லோருக்கும் தெரியும். மருந்து பட்டால் தெரியாது. பூச்சிமருந்து அடித்த கிறீன்ஹவுஸுக்குள் எத்தனை மணித்தியாலம் போகக்கூடாது என்பது மருந்துக் கலனின் லேபிளில் எழுதப்பட்டிருக்கும். அந்த நேரம் முடியும் முன் உள்ளே அனுப்பினால் அது நீங்கள் மறுக்கக்கூடிய வேலை. தலைச்சுற்று, வாந்தி, வாயூறுதல், அதிக வியர்வை, பார்வை மங்குதல், மூச்சிறுக்கம் ஆகியவை வந்தால் உடனே வெளியேறி, உடுப்பைக் கழற்றி, உடம்பைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். லேபிளைப் படம் எடுங்கள் அல்லது யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள். அதில் உள்ள பதிவு எண் மருத்துவருக்கு மருந்தின் பெயரைவிட உதவும். நச்சுத் தகவல் இலக்கம் 1-844-764-7669.

காளான் அறையில் வேலை செய்வோருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வேலை முடிந்து வீடு வந்து சில மணித்தியாலத்தில் இருமல், காய்ச்சல், குளிர், மூச்சு முட்டுதல் வந்து, விடுமுறை நாட்களில் குறைந்து, திரும்பப் போனதும் மறுபடி வந்தால், அதைத் தடிமன் என்று விட்டுவிடாதீர்கள். பூஞ்சை வித்துகளையும் பசளைத் தூசியையும் சுவாசிப்பதால் நுரையீரல் ஒவ்வாமையாகி வீங்கும் ஒரு நோய் உண்டு. கவனிக்காமல் விட்டால் நிரந்தரத் தழும்பாகிவிடும். எந்த நாள் வேலை, எந்த நாள் இருமல் என்று இரண்டு வாரம் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். ஒன்ராறியோத் தொழிலாளர்களுக்கான தொழில்சார் சுகாதார நிலையங்கள் இத்தகைய நோய்களை இலவசமாகவே ஆராய்கின்றன. பண்ணைத் தொழிலாளரோடு அவர்களுக்குப் பல ஆண்டுப் பழக்கம் உண்டு.

மூடிய குழி, பசளைத் தொட்டி, பம்ப் அறை ஆகியவற்றுக்குள் மயங்கி விழுந்தவரைத் தூக்கப் போகாதீர்கள். 2008 செப்டம்பரில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் லாங்லியில், காளான் பண்ணைகளுக்குப் பசளை தயாரிக்கும் இடத்தில் நச்சுவாயு தாக்கி மூன்று தொழிலாளர் இறந்தார்கள். இரண்டுபேர் உயிர் தப்பினாலும் அவர்களின் மூளை பாதிக்கப்பட்டது. வெளியே நின்று 911ஐ அழைப்பதுதான் உள்ளே இருப்பவருக்கும் செய்யக்கூடிய உதவி.

கிறீன்ஹவுஸின் கோடைச் சூட்டில் வியர்வை நின்றுபோய் ஒருவர் பேச்சுக் குழறினால், அது களைப்பு அல்ல, உயிராபத்து. நிழலில் கிடத்தி, தண்ணீர் ஊற்றி, 911ஐ அழையுங்கள்.

வானில் போகும் நேரத்தையும் மறக்க வேண்டாம். 2012 பெப்ரவரி 6ஆம் திகதி ஒன்ராறியோவின் ஹாம்ப்ஸ்டெட் என்ற ஊரருகே, 13 தொழிலாளர்கள் இருந்த வான் ஒரு லொறியோடு மோதியதில் அவர்களில் 10 பேரும் லொறி ஓட்டுநரும் இறந்தார்கள். முதலாளி ஏற்பாடு செய்த வண்டியில் போகும்போது நடக்கும் விபத்தும் வேலையில் நடந்ததாகவே கருதப்படும். ஆசனப்பட்டி இல்லாத இடத்தில் உட்காரச் சொன்னால் ஏறாதீர்கள்.

மூன்றாம் படி: கோரிக்கை

காயத்துக்கு முதலுதவிக்கு மேலாக மருத்துவரின் கவனிப்புத் தேவைப்பட்டாலோ, ஒருநாள் சம்பளம் போனாலோ, முதலாளி அதை அறிந்து மூன்று வேலை நாட்களுக்குள் ஏழாம் இலக்கப் படிவத்தை டபிள்யூஎஸ்ஐபிக்கு அனுப்ப வேண்டும். அதன் பிரதி உங்களுக்கும் தரப்பட வேண்டும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: ‘நாங்கள் அனுப்பிவிட்டோம்’ என்ற பேச்சை நம்பிக் காத்திருக்கிறார்கள். காத்திருக்காதீர்கள். உங்கள் பங்குக்கு ஆறாம் இலக்கப் படிவம் இருக்கிறது. அதை நீங்களே அனுப்பலாம், முதலாளியின் கையெழுத்து அதற்கு வேண்டியதில்லை. காயப்பட்ட நாளிலிருந்து, அல்லது நோய் வேலையால் வந்தது என்று கண்டறிந்த நாளிலிருந்து, ஆறு மாதம் தவணை. ஆனால் ஆறு மாதம் இருக்கிறதே என்று இருக்காமல் முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுவது நல்லது.

டபிள்யூஎஸ்ஐபியின் எண் 1-800-387-0750. அழைத்து ‘தமிழ் இன்டர்பிரெட்டர் ப்ளீஸ்’ என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். அதற்குக் கட்டணம் இல்லை. படிவம் சேர்ந்ததும் ஒரு கோரிக்கை எண் தருவார்கள். அந்த எண்ணை மருந்துக்கடை, உடற்பயிற்சிச் சிகிச்சை, மருத்துவர் என்று போகுமிடமெல்லாம் கொடுங்கள். கோரிக்கை ஏற்கப்பட்டால், காயத்துக்கு மறுநாளிலிருந்து இழந்த வருமானத்துக்கு, கையில் வரும் நிகரச் சம்பளத்தின் 85 சதவீதம் கிடைக்கும்.

கோரிக்கை போட வேண்டாம், நாங்களே மருந்துக்குக் காசு தருகிறோம் என்று அன்பாகச் சொல்லும் முதலாளியும் உண்டு. இருநூறு டொலர் கையில் வைப்பார்கள். ஆறு மாதம் கழித்து மணிக்கட்டு இறுகிப்போய் அறுவைச் சிகிச்சை என்று வரும்போது தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். கோரிக்கை போடவிடாமல் தடுப்பதும், மிரட்டுவதும், விலை பேசுவதும் சட்டப்படி குற்றம்.

வேலைக்குத் திரும்புவதும் மறுப்பதும்

சில நாட்களில் முதலாளி ‘இலகு வேலை’ தருகிறோம் என்பார். அது சட்டத்துக்கு உட்பட்டதே. நீங்களும் ஒத்துழைக்க வேண்டும், காரணமில்லாமல் மறுத்தால் கொடுப்பனவு பாதிக்கப்படும். ஆனால் அந்த வேலை மருத்துவர் தாளில் எழுதிய வரம்புக்குள் இருக்க வேண்டும். ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என்று தாள் சொல்ல, பெட்டி பத்துக் கிலோ என்றால், தாளைக் காட்டித் தூக்க முடியாது என்று சொல்லி, அதையும் டபிள்யூஎஸ்ஐபிக்கு அறிவியுங்கள்.

காயப்படாத நாளிலும் ஆபத்தான வேலையை மறுக்கலாம். முதலில் மேற்பார்வையாளரிடம் காரணத்தைச் சொல்ல வேண்டும். அவர் உங்கள் முன்னிலையில், தொழிலாளரின் பாதுகாப்புப் பிரதிநிதியோடு ஆராய வேண்டும். அதுவரை பத்திரமான இடத்தில், வேலைத்தளத்திலேயே நில்லுங்கள். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால் அது வேலையை விட்டதாகத் திரிக்கப்படும். அப்படியும் தீராவிட்டால் தொழில் அமைச்சை 1-877-202-0008 என்ற எண்ணில் அழைத்தால் பரிசோதகர் விசாரிப்பார். பாதுகாப்பைக் கேட்டதற்காக வேலையிலிருந்து நிறுத்தினாலோ நேரத்தைக் குறைத்தாலோ முறையிடலாம். தொழிற்சங்கம் இல்லாதவர்களுக்குத் தொழிலாளர் ஆலோசகர் அலுவலகம் இலவசமாக உதவுகிறது. எண் 1-800-435-8980.

ஒரே முதலாளியோடு கட்டப்பட்ட வேலை அனுமதியில் இருப்பவருக்குப் பயம் அதிகம், அது வீண் பயமும் அல்ல. அவர்களுக்காக 2019 ஜூன் முதல் ஒரு வழி இருக்கிறது: முதலாளியின் கொடுமைக்கு ஆளானதாகவோ ஆளாகும் ஆபத்து இருப்பதாகவோ காட்டினால், எந்த முதலாளியிடமும் வேலை செய்யக்கூடிய திறந்த அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். படங்கள், செய்திகள், குரல்பதிவுகள் ஆகியவை இங்கேயும் தேவைப்படும். வேலையை விடும் முன்னரே சட்ட உதவி நிலையம் ஒன்றில் பேசுங்கள்.

சபை மறுத்தால், ஊர் திரும்பினால்

மறுப்புக் கடிதம் முடிவல்ல. எதிர்ப்புத் தெரிவிக்கும் கடைசி நாள் அந்தக் கடிதத்திலேயே இருக்கும்: வேலைக்குத் திரும்புவது பற்றிய முடிவுகளுக்கு 30 நாள், மற்றவற்றுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம். அதற்குமேல் தனித் தீர்ப்பாயம் இருக்கிறது. அங்கே வெல்ல முடியும் என்பதற்கு 2023இல் வந்த ஒரு தீர்ப்பைச் சொல்லலாம். காயப்பட்டு நாடு திரும்பிய பண்ணைத் தொழிலாளர்களை, ஒன்ராறியோவில் இருந்தால் வேறு ஏதாவது வேலை செய்திருப்பார்கள் என்று கணக்குப் பண்ணி, கொடுப்பனவை வெட்டும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. நான்கு ஜமைக்கத் தொழிலாளர்கள் அதை எதிர்த்தார்கள். அவர்கள் உண்மையில் வாழும் இடத்தில் என்ன வேலை கிடைக்கும் என்பதையே பார்க்க வேண்டும் என்று தீர்ப்பாயம் சொன்னது. கோரிக்கை போட்ட பிறகு நாடு திரும்பினாலும் உரிமை கூடவே வரும்.

அதனால் வீடு மாறினாலும் நாடு மாறினாலும் புதிய முகவரியைச் சபைக்கு அறிவியுங்கள். கடிதங்கள் பழைய நிலவறை வீட்டுக்கோ பண்ணை விடுதிக்கோ போய்க்கொண்டிருந்தால், தவணை ஓடிக்கொண்டிருப்பதே தெரியாது. இங்கே தங்கியிருக்கும் நம்பிக்கையான ஒருவரை உங்கள் பிரதிநிதியாக எழுத்தில் நியமித்து, கோரிக்கை எண், மருத்துவமனைப் பதிவுகளின் பிரதி, அந்தப் படங்கள் எல்லாவற்றையும் அவரிடம் ஒரு தொகுதியாகக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். மருத்துவமனைப் பதிவைப் புறப்படும் முன்பே கேட்டு வாங்கி, ‘எப்படி நடந்தது’ என்ற வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரையாவது கொண்டு வாசித்துப் பாருங்கள். பிழையாக இருந்தால் திருத்தக் கேட்பதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு.